திருப்பிக் கொடுப்பதற்காக வளர்ப்பது

யட்டவத்த பகுதியில் ஒரு தோட்டத்து லயத்திற்குச் சென்ற மாதம் வீடு சந்திக்கச் சென்றிருந்தோம். இஸ்தோப்பில் ஒரு கூடு; கூட்டினுள் ஒரு பச்சைக்கிளி. காற்றுக்கு முறிந்து விழுந்த பட்ட தென்னையின் பொந்திலிருந்து பிள்ளைகள் எடுத்து வந்ததாம். ஒரு சிறகு தொங்கிக் கிடந்தது. அந்த வீட்டு அம்மா ஊறவைத்த பயறும் கொய்யாத் துண்டும் வைத்துக்கொண்டிருந்தார். "பேர் என்னம்மா?" என்று வேடிக்கையாகக் கேட்டோம்.

"பேர் வைக்கலைங்க சாமி. பேர் வச்சா விட மனசு வராது."

நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்து வளர்ப்பதை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தடை செய்கிறது. எனவே வனசீவராசி அலுவலகத்திற்கு அறிவித்துவிட்டார்கள். சிறகு தேறும்வரை அந்த அம்மாவின் பொறுப்பு. தேறியபின் பறவை அவருடையதன்று. சட்டத்தைப் பொறுத்தவரை விடயம் இத்துடன் முடிகிறது. மனத்தைப் பொறுத்தவரை இங்குதான் தொடங்குகிறது.

கிளி மற்றப் பறவைகளைப் போன்றதன்று. தீனி கொடுக்கும் கையை அடையாளம் கண்டு அதனோடு ஒட்டிக்கொள்ளும். குஞ்சிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்த கிளிக்கு மனிதரைப் பற்றிய அச்சம் இராது. அதைப் பறக்க விட்டால் என்ன நடக்கும்? அடுத்த வீட்டாரின் தோளில் போய் அமரும். அங்கே ஒரு கூடு காத்திருக்கும். கூண்டுக்கிளி இருபது, முப்பது ஆண்டுகள்கூட உயிர் வாழக்கூடியது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே அதைக் காப்பாற்ற விரும்புகிறவர் கொஞ்சக் கூடாது, பேச்சுப் பழக்கக் கூடாது. அடுத்த லயத்துச் சிறுவன் ஒருவன் "அக்கா" என்று சொல்லிக் கொடுக்க முயன்றபோது, அந்த அம்மா அவனை விரட்டியதை நாமே பார்த்தோம். பயறு வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டதையும் பார்த்தோம். அன்பு மிகுந்தவர் அன்பைக் காட்டாமலிருக்க வேண்டிய நிலை!

இதை ஒரு முறையாகவே நடத்திக் காட்டும் இடம் நம் நாட்டில் உண்டு. 1975இல் தொடங்கப்பட்ட பின்னவலை யானைகள் சரணாலயத்தை எல்லோரும் அறிவோம். அங்கு வந்த யானைகள் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. 1995இல் வனசீவராசிகள் திணைக்களம் உடவளவையில் தொடங்கிய இடைத்தங்கல் இல்லமோ வேறு வகை. தாயை இழந்த குட்டிகளுக்குச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். பார்க்க வருவோர் மேடையில் எட்ட நின்றே பார்க்க வேண்டும், தொட முடியாது. ஏறக்குறைய ஐந்து வயதில் குட்டிகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்டவை காடு சேர்ந்துள்ளன. இரவு பகலாகப் பால் புகட்டிய பணியாளர் அந்த நாளில் என்ன நினைப்பார் என்பதை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

அன்பை இரண்டாகப் பிரித்தார் புனித தோமஸ் அக்குவினாஸ்: ஒன்றை நமக்காக விரும்புவது, மற்றொருவரின் நன்மையை அவருக்காகவே விரும்புவது. குருமடத்தில் இதை மனப்பாடம் செய்து பரீட்சையும் எழுதினோம். (திராட்சை இரசத்தோடோ குதிரையோடோ நட்பு என்று பேசுவது நகைப்புக்குரியது என்றும் அவரே எழுதியுள்ளார். கிளிக்கும் அதே தீர்ப்புத்தான் என்று அஞ்சுகிறேன். யட்டவத்த அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.) பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நெஞ்சில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. பிரிவு வலித்தால், "ஐயோ, நான் எனக்காகத்தான் நேசித்தேனோ" என்று நல்ல மனிதர்கள் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். பற்றற்ற அன்பைப் பற்றி வலியே இல்லாத அன்பு என்பதுபோல் பிரசங்கம் செய்த எங்களுக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு.

வலி குற்றமன்று. வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசைகூடக் குற்றமன்று. அந்த ஆசையிடம் தீர்ப்பை ஒப்படைப்பதே தவறு. "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், சிறகு சரியாகவில்லை" என்று மனம் சொல்லும். உண்மையாகவே சில பறவைகளுக்குச் சிறகு கோணலாகவே கூடிவிடும். அவற்றை வெளியே விடுவது கொடுமை, காவலில் வைத்துப் பராமரிப்பதே கருணை. ஆனால் அதை யார் முடிவு செய்வது? விட மனமில்லாதவரே நீதிபதியாக இருக்கலாமா? மிருக வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும் என்று அந்த அம்மா முதல் நாளே தீர்மானித்திருந்தார்.

இந்தத் தெளிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்தோம். பிறகுதான் அறிந்தோம். தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, பத்து மாதக் கைக்குழந்தையை இவரிடம்தான் விட்டுப் போனாராம். நான்கு ஆண்டுகள் வளர்த்தார். பிள்ளை இவரை "அம்மா" என்றே அழைத்தான். ஒவ்வொரு முறையும், "நான் பெரியம்மா, அம்மா வெளிநாட்டுல இருக்கா" என்று படத்தைக் காட்டித் திருத்தினாராம். தங்கை வந்தார், பிள்ளை போனான். முதல் வாரம் அவன் அங்கே அழுதான், இவர் இங்கே சமைக்கவில்லை. நம் தோட்டங்களில் இப்படி எத்தனை பாட்டிமார், எத்தனை பெரியம்மாமார்! ஞாயிறு பூசையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இவர்களை நாம் ஒருநாளும் பெயர் சொல்லிப் பாராட்டியதில்லை.

"அப்ப இது லேசா இருக்குமே அம்மா, ஒருமுறை பழகினதுதானே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கைக்குத்தாங்க சாமி பழகுது" என்றார்.

புறப்படும்போது ஆசீர்வாதம் கேட்டார். "சிறகு சுகமாகணும்னு செபம் பண்ணுங்க சாமி" என்றவர், கூட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆனா கொஞ்சம் மெதுவா" என்றார். முதற்பாதிக்காக மட்டுமே செபித்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.