பந்து போய்ச் சேராத இடம்

ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கோப்பிக்கடையில் ஒரு ஞாயிறு மாலை. டிவியில் எல்பிடபிள்யூ ரிவியூ. பந்து லெக் ஸ்டம்பை உரசுவதாகத் திரை காட்டியது. கீழே ‘அம்பயர்ஸ் கால்’. நாட் அவுட். பக்கத்து மேசைக்காரர் கத்தினார்: “ஸ்டம்புல படுதுல்ல? அப்புறம் என்ன நாட் அவுட்டு? ஒரே பந்துக்கு ரெண்டு நியாயமா?”

நல்ல கேள்விதான். பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி ஸ்டம்பில் படும் என்று வந்தால், நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். அவர் விரலைத் தூக்கியிருந்தால் அவுட், இல்லாவிட்டால் இல்லை.

ஆனால், கால்காப்பில் படும்வரைதான் கேமராக்கள் பந்தை அளக்கின்றன. அதற்குப் பிறகு திரையில் ஓடும் கோடு கணிப்பு. அந்தப் பந்து ஸ்டம்புக்குப் போகவே இல்லை. 2011 மொஹாலி அரையிறுதியில் அஜ்மல் பந்தில் சச்சினுக்கு இயன் கோல்ட் அவுட் கொடுத்தார். பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போகும் என்றது திரை. சச்சின் 85 எடுத்தார். அது அவுட்தான் என்று அஜ்மல் பின்னரும் சொல்லிவந்தார். நடக்காத ஒன்றுக்கு யார் சாட்சி? இந்தக் கணிப்பை நம்பாமல்தான் இந்திய வாரியம் இருதரப்புத் தொடர்களில் 2016 வரை அதை ஏற்கவில்லை. ‘இதுக்கு மேல எனக்குத் தெரியாது’ என்று இயந்திரம் ஒப்புக்கொள்ளும் இடம்தான் அம்பயர்ஸ் கால்.

இதை வைத்து என் தப்பையும் மறைத்துவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

போன வருடம் நண்பர்கள் ஆட்டத்தில் நான் நடுவர். பட்டுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவன், ஒர்க் பெர்மிட் முடிந்து ஊர் திரும்பும் வாரம். முதல் பந்திலேயே எல்பிடபிள்யூ கொடுத்தேன். “பேட்ல பட்டுச்சுண்ணே” என்றான். “எனக்குக் கேக்கலடா, போ” என்றேன். ராத்திரி யாரோ அனுப்பிய போன் வீடியோவில் பந்து மட்டையில் பட்டுத் திரும்புவது தெளிவாகத் தெரிந்தது.

நடக்காததைச் சொல்ல முடியாமல் போவது வரம்பு. நடந்ததைக் கவனிக்காமல் விடுவது தவறு. வரம்போடு வாழப் பழகலாம், தவறைத் திருத்தியாக வேண்டும். நாம் மாற்றிச் செய்கிறோம். யாராலும் அறிய முடியாததற்கு நடுவரைத் திட்டுகிறோம். நம் கண்ணெதிரே நடந்ததற்கு மட்டும் ‘மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்’ என்கிறோம்.

வீடியோவை அவனுக்கு அனுப்ப எனக்கு மூன்று நாள் ஆனது. ‘மன்னிச்சிருடா’ என்று ஒரு வரி சேர்த்தேன். ‘விடுங்கண்ணே, அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தது. அவன் அப்போது சாங்கிக்குப் போய்க்கொண்டிருந்தான்.