ஓய்வு யாருக்கு?

வயது அறுபது நிறைந்து வேலையினின்று விலகிய தம்பதிகள் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டிற்கும் கடற்கரைக்கும் புறப்படுவார்களாயின், நம்மவர் நகைப்பர். “இராம நாமம் ஜெபிக்க வேண்டிய வயதில் பறவையின் பின்னால் ஓடுவதா?” என்பர். பணக்காரர் விளையாட்டென்று ஒதுக்குவாரும் உளர். இந்நகைப்பு நியாயந்தானா என்று ஆராய்வோம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்வோர் இக்கலை பயில வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. போர்ட்டிக்சனுக்கு அருகே, மலாக்கா மாநிலத்திற்குரிய துண்டு நிலமான தஞ்சோங் துவான் முனைக்கு, ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமத்திராவினின்று தேன்பருந்துகள் வந்து சேர்கின்றன. நீரிணை அவ்விடத்தில் சுமார் 38 கிலோமீட்டரே அகலமுடையது. நிலத்தினின்று எழும் வெப்பக் காற்றின்மேல் மிதந்து செல்லும் இப்பறவைகளுக்குக் கடலின்மேல் அவ்வுதவி கிடையாது. ஆதலின் குறுகிய வழியைத் தேர்ந்து, சிறகடித்துக் களைத்து, தாழப் பறந்து கரையை அடைகின்றன. 1863-இல் எழுந்த கலங்கரை விளக்கத்தின் அருகே நின்று அவற்றைக் காணலாம். பொருள் குறைந்தோர், கையிலுள்ள தொலைபேசியால் வீட்டு வேலிப்பூவையும் வண்ணத்துப்பூச்சியையும் எடுத்தே தொடங்கலாம்.

ஒளி மிக்க வானத்தின் முன் பறக்கும் பருந்தைக் காமிராவின் கணக்கிற்கே விட்டுவிட்டால் படம் கரிய நிழலாய் விழும். ஒளியைக் கூட்டவும், 1/1000 வினாடியில் காட்சியைப் பிடிக்கவும் பழக வேண்டும். இப்பாடத்தில் கணவனும் முதல் வகுப்பு. மனைவியும் முதல் வகுப்பு. முப்பதாண்டுகளாய் “உனக்கென்ன தெரியும்?” என்று கேட்டு வந்த நாவிற்கு இங்கு வேலையில்லை. ஒருவர் திசை கூற, மற்றவர் படம் எடுக்க வேண்டும். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவிற்கு வந்த காலமுதல், கணவனும் மனைவியும் தோழர் என்னும் பேச்சை நம் சமூகம் கேட்டு வருகிறது. தோழமைக்கும் ஒரு பயிற்சிக்கூடம் வேண்டாமா?

ஆயினும் சேர்ந்து கற்பது மட்டும் போதாது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா (1913–2012) இக்கலையை மானெக்‌ஷாவிடம் கற்று, அவருக்கே வாழ்க்கைத் துணைவியுமானார். தொடக்கத்தில் ஹோமாய் எடுத்த படங்களோ மானெக்‌ஷாவின் பெயரிலேயே வெளிவந்தன. பத்ம விபூஷண் விருது அந்த அம்மையாரைத் தேடி வந்தது 2011-இல்.

இனி மூலக் கேள்விக்கு வருவோம். ஓய்வு யாருக்கு? 2013 ஜூலை முதல் தனியார் தொழில்களில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் வகுத்துள்ளது. அவ்வயதில் கணவனின் பிரட்டு நிற்கிறது. அடுப்படியின் பிரட்டு நிற்பதில்லை. காலையில் பால் மரம் வெட்டி, மாலையில் உலை வைத்த பெண்ணுக்கு, ஒரு வேலை ஓய்ந்தாலும் மற்றது ஓய்வதில்லை. அவளே நான்கு மணிக்கு எழுந்து கட்டுச்சோறு கட்டி, பேரப்பிள்ளைக்கு வழி செய்து, பின்னர் காமிராப் பையையும் சுமந்து நடப்பாளாயின், அது கூட்டுக் கல்வியன்று. பழைய ஊழியத்திற்குப் பூண்ட புதிய வேஷமே. விடியலில் தேநீர் கலப்பவன் கணவனாகட்டும். படத்தின் கீழ் எடுத்தவளின் பெயர் நிற்கட்டும்.

மற்றுமொரு கடமையும் உண்டு. நல்ல படத்திற்காகக் களைத்து வந்த பறவையை விரட்டுவதும், கூட்டை நெருங்கித் தாய்ப்பறவையை அஞ்சச் செய்வதும் கொடுமை. பால் மரத்தைக் கண்டால் எத்தனை பால் என்றும், செம்பனையைக் கண்டால் எத்தனை குலை என்றும் எண்ணுவது தோட்டம் நம் கண்ணுக்குக் கற்பித்த பாடம். அக்கண்ணாலேயே மனைவியையும் அளந்தோம்: எத்தனை பிள்ளை, எத்தனை வேளைச் சோறு, எத்தனை வெள்ளிச் சம்பளம் என்று. பயன் கேளாமல் ஓர் உயிரைப் பொறுமையுடன் நோக்கப் பழகுவதே இக்கலையின் அறம். பருந்தினிடம் அதனைக் கற்ற கணவன், அருகில் நிற்பவளையும் அங்ஙனமே நோக்கக் கற்பானாயின், அறுபதாம் வயதில் காமிரா வாங்கியது வீணென்று எவர் கூறுவர்?