வழிக்கு வேண்டிய எண்ணெய்



1907-ம் வருஷம் பீக்கிங் பட்டணத்திலிருந்து பாரிஸ் வரை ஒரு மோட்டார் பந்தயம் நடந்தது. ஐந்து வண்டிகள் புறப்பட்டன. கோபி பாலைவனத்தில் பெட்ரோல் ஏது? ஆகையால் ஒட்டகங்களின்மேல் அதை முன்கூட்டியே அனுப்பி வைத்தார்கள். இத்தாலிய தேசத்துப் பொர்கேசே பிரபு இரண்டு மாதத்தில் முதலாவதாகப் பாரிஸ் சேர்ந்தார். மூன்று சக்கரச் சிறு வண்டியோ பெட்ரோல் தீர்ந்து பாலைவனத்திலேயே கைவிடப்பட்டது. பத்துக் கன்னியரின் உவமை உங்கள் நினைவுக்கு வரவில்லையா?

"எனக்கு வயதாகிவிட்டது, இனி என்னத்தைத் திருந்துவது?" என்பாருண்டு. 1997-ல் அதே பீக்கிங்கிலிருந்து பாரிஸுக்கு, நம் இந்தியாவின் வழியாகவும், பழைய வண்டிகள் பந்தயம் ஓடின. வென்றது 1942-ம் வருஷத்து ஜீப்! ஆனால் பிரேக், ரேடியேட்டர், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துச் செப்பனிடாமல் பழைய வண்டியை எவன் அத்தனை தூரம் ஓட்டுவான்?

காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வருமுன்னே வாய்க்காலைத் தூர்வாருகிறவர்களே! வரப்புத் தகராறினால் உடன்பிறந்தானோடு பேசாதிருக்கிற உள்ளத்தை எப்போது தூர்வாரப் போகிறீர்கள்? முதலில் அவன் வாசலுக்குப் போங்கள். பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வாருங்கள். தேவ இஷ்டப்பிரசாதமே மோட்ச யாத்திரைக்கு எண்ணெய். அதை நடுவழியில் கடன் வாங்க முடியாது.