மறந்தவரை யார் நினைப்பது?

'நான் யாருன்னு சொல்லுங்கோ பார்க்கலாம்!'

போன நவராத்திரிக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொலு பார்க்கப் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும், கூடத்து நாற்காலியில் இருந்த 78 வயது மாமியிடம் குனிந்து இதையேதான் கேட்டார்கள். அன்போடுதான் கேட்டார்கள். மாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், சிரித்தார். கடைசியில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி தலையைக் குனிந்துகொண்டார், பாடம் படிக்காமல் வந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி! நானும் கேட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்கு வந்திருப்பது டிமென்ஷியா எனும் மறதிநோய். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாம். 'வயசானா மறதி சகஜம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு கோளாறாலும், வைட்டமின் பி12 குறைவாலும் வரும் மறதியைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அல்சைமர் போன்ற நோயால் போன நினைவு அப்படித் திரும்புவதில்லை. பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை, இஷ்டதெய்வத்தின் பெயர்கூட வரவில்லை என்றால், அங்கே இருப்பது யார்? 'அம்மா எப்பவோ போயிட்டா, உடம்புதான் இருக்கு' என்று சிலர் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பெரியாழ்வாருக்கே இந்தக் கவலை வந்திருக்கிறது! பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில், அரங்கனிடம் ஒரு பதிகம் முழுக்க இதைத்தான் முறையிடுகிறார். கடைசிக் காலத்தில் தளர்ந்து கிடக்கும்போது உன்னை நினைக்க முடியாமல் போகலாம். அதனால், நன்றாக இருக்கும் இன்றைக்கே சொல்லிவிட்டேன் என்கிறார்.

இதற்குப் பதில் போலவே இருக்கிறது, வராகப் பெருமான் பூமிதேவியிடம் சொன்னதாக வைணவர்கள் போற்றும் வராக சரம ஸ்லோகம். உடலும் உள்ளமும் திடமாக இருக்கும்போது என்னை நினைத்தவன், கட்டைபோல், கல்போல் கிடக்கும் நேரத்தில் அவனை நான் நினைக்கிறேன் என்பது அதன் கருத்து. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், கல்யாணப் பிரார்த்தனைக்காக நாம் போகும் திருவிடந்தையில், தாயாரைத் தாங்கி நிற்பவர் அந்தப் பெருமாள்தான். 'நீ மறந்துவிட்டாய், இனி நீ என் பக்தன் இல்லை' என்று அவர் சொல்லவில்லை. நினைக்கும் வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார்!

பகவானே வைக்காத பரீட்சையை நாம் ஏன் வைக்க வேண்டும்? 'மாமி, நான் எதிர்வீட்டுப் பொண்ணு. உங்க கையால எவ்வளவோ ரசம் சாப்பிட்டிருக்கேன்' என்று நாமே சொல்லிவிட்டால் என்ன?

இன்னொரு சங்கடமும் உண்டு. சாயங்காலமானால் மாமி கணவரைத் தேடுவார். 'மாமா போய் ஒன்பது வருஷமாச்சேம்மா' என்று மருமகள் சொன்னால், ஒவ்வொரு முறையும் அது புதுச் செய்தி. அன்றுதான் நடந்ததுபோல் கதறுவார். உண்மை பேசுகிறோம் என்று இப்படி தினம் தினம் அழவைப்பது தர்மமா? குற்றமில்லாத நன்மையைத் தருமானால், பொய்யையும் வாய்மையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது வள்ளுவர் கட்சி. எனக்கென்னவோ, பொய்கூட அவசியமில்லை என்று தோன்றுகிறது. 'மாமாவுக்கு என்ன டிபன் பிடிக்கும்?' என்று ஒருநாள் மருமகள் கேட்டிருக்கிறாள். மாமி உடனே அடைக்கு அரைத்த கதைக்குப் போய்விட்டாராம்.

அந்த மருமகள் கோயிலுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. 'உள்ளே வச்சுப் பூட்டிட்டுப் போக மனசு வரலை. கூட்டிண்டு போனா, பிரகாரத்துல எங்கேயாவது நடந்துடறா' என்றாள். நாம் என்ன செய்கிறோம்? 'உனக்குத்தான்டி புண்ணியம்' என்று மொத்தப் புண்ணியத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டு, பிரதோஷத்துக்குக் கிளம்பிவிடுகிறோம்!

போன வெள்ளிக்கிழமை அவளைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, மாமியோடு நான் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. கொஞ்சம் மல்லிகையும் வாழைநாரும் முன்னால் வைத்தேன். பெயர்கள் போன பிறகும் கை பழகிய வேலை வெகுநாள் நிற்குமாம். விரல்கள் தானாகவே தொடுக்க ஆரம்பித்தன. ஒரு முழம் ஆனதும், 'அம்பாளுக்குச் சாத்திடு' என்று கொடுத்தார். அடுத்ததைக் கட்டி முடித்துவிட்டு, என் தலையைத் திருப்பி, அவரே வைத்துவிட்டார்.

மருமகள் குங்குமப் பிரசாதத்தோடு திரும்பியபோது மணி எட்டரை.