எழுந்து போய்ச் செய்ய வேண்டியது



தவக்காலம் வந்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளும். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்கிறோம். குருவானவர் சொன்ன செபத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வருகிறோம். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

குருவின் வழியாக ஆண்டவரே மன்னிக்கிறார். யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரம் நமக்குத் தரும் உறுதி அது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் திருஅவையின் மறைக்கல்வி நூல் 1459-ஆம் எண்ணில் இன்னொன்றையும் சொல்கிறது: திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும். பாவம் மன்னிக்கப்பட்டாலும், அது பிறருக்கு விளைத்த கேடு தானாகச் சரியாகிவிடாது. சக்கேயு நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றதும் அதனால்தான்.

இத்தாலியின் மரிய கொரற்றியை நீங்கள் அறிவீர்கள். 1902 ஜூலையில், பதினொரு வயதில், தன் கற்பைக் காக்கப் போராடிய அந்தச் சிறுமியை அலெசாந்திரோ என்ற இளைஞன் குத்தினான். அவனை மன்னிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் அவள் உயிர்விட்டாள். சிறையில் வெகுநாள் கல்லாய் இருந்தவன் பிறகு மனம் உடைந்து அழுதான். 27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்தது. அரசாங்கம் கேட்ட தண்டனையை அனுபவித்தாகிவிட்டது. அவன் எங்காவது போய்ப் புதிதாக வாழ்ந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவனோ அந்தச் சிறுமியின் தாயைத் தேடிப் போனான். அசுந்தா அம்மாள் கைம்பெண். பிள்ளைகளோடு வயலில் பாடுபட்டவர். மகளைக் கொன்றவன் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான். என் மகளே மன்னித்துவிட்டபோது நான் எப்படி மறுப்பேன் என்று ஏற்றுக்கொண்டார். கிறிஸ்துமஸ் திருப்பலியில் இருவரும் அருகருகே நற்கருணை வாங்கினார்கள். என்னைக் கேட்டால், அந்த வாசலுக்கு அவன் நடந்த நடைதான் அவனுடைய பாவப்பரிகாரத்தின் கடினமான பகுதி. 1950-இல் மகள் புனிதராக உயர்த்தப்பட்டதை அந்தத் தாய் உயிரோடிருந்து கண்டார்.

கொலையையே மன்னித்த தாய் அவர். நமக்கு ஒரு முழ வரப்பு பெரிதா? போனால் அண்ணன் கதவைத் திறக்காமலும் போகலாம். அது அவர் கணக்கு. போவது நம் கடமை. இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். முடித்ததும் நேரே அந்த வீட்டுக்குப் போங்கள். புனித வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.