பலனை எதிர்பாராதே: இது யாருக்குச் சொன்னது?

காப்பாரிலிருந்து கோல சிலாங்கூர் போகும் வழியில் செம்பனை மரங்களைத் தினமும் பார்க்கிறோம். அவை எப்படிக் காய்க்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

செம்பனையில் ஆண் பூங்கொத்து வேறு, பெண் பூங்கொத்து வேறு. ஒரே மரத்தில் இரண்டும் வரும்; ஆனால் பெரும்பாலும் ஒரே சமயத்தில் வராது. ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பெண் பூவைச் சேர்ந்தால்தான் குலை நிறையும்.

இந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காக நட்டார்கள். மரம் வந்தது, அதற்கு மகரந்தம் சுமக்கும் ஆப்பிரிக்க வண்டு கூட வரவில்லை. காற்றை நம்பினால் போதவில்லை. எனவே பல தோட்டங்களில் தொழிலாளர்கள் மகரந்தத்தைப் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூக்களின் மேல் ஊதினார்கள். தோட்டத் தொழிலாளர்களில் நம்மவர்கள் எவ்வளவு பேர் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத்தின் ஆய்வின் பயனாக, கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு 1981-இல் ஜொகூர், குளுவாங்கில் விடப்பட்டது. அது வேகமாகப் பரவியது. சில ஆண்டுகளிலேயே கையால் ஊதும் வேலை தேவையில்லாமல் போனது.

அந்த வண்டு நமக்கு உதவ நினைத்ததா? இல்லை. ஆண் பூவில் தின்னவும் முட்டையிடவும் வருகிறது. பெண் பூவும் அதே போன்ற வாசனை வீசுவதால் ஏமாந்து அங்கும் போகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தம் உதிர்கிறது. அவ்வளவுதான்.

நினைக்காமல் செய்த உதவிக்கு நன்றி சொல்ல வேண்டுமா? தொழிலாளியைப் பற்றிக் கேட்டால், "அதான் சம்பளம் கொடுத்தாச்சே" என்பார்கள். கோயிலில் பாத்திரம் கழுவும் அக்காவைப் பற்றிக் கேட்டால், "சேவைதானே, பலனை எதிர்பார்க்கக் கூடாதுன்னு கீதையே சொல்லுதே" என்பார்கள்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கண்ணன் அதைச் சொன்னது செயலில் இறங்க வேண்டிய அர்ச்சுனனுக்கு. பலனைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அல்ல. செய்பவரின் தர்மம் எதிர்பாராமல் இருப்பது. பெறுபவரின் தர்மம் மறவாமல் இருப்பது. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். செய்பவருக்குச் சொன்னதைப் பெறுபவர் எடுத்துப் பேசினால், அது தர்மம் அல்ல, வசதி.

சரி, வண்டுக்கு எப்படி நன்றி சொல்வது? அதற்கு நம் கும்பிடு தேவையில்லை. வாடிய ஆண் பூதான் அதன் குஞ்சுகளுக்குத் தொட்டில். அதை அழிக்காமல், கண்டபடி மருந்தடிக்காமல் விட்டால் போதும். உதவியவர் தொடர்ந்து வாழ வழி விடுவதே நன்றி. உதவியவர் மனதில் என்ன நினைத்தார் என்பது அதற்குப் பிறகுதான்.

தம்பி தங்கைகளே, அடுத்த அன்னதானம் முடிந்ததும் அடுப்படிப் பக்கம் போய்ப் பாருங்கள். "அக்கா, நீங்க சாப்டீங்களா? வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்று கேளுங்கள். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் அண்டாவையாவது கழுவுங்கள்.