காற்றடைத்த பையும் சற்காரியமும்

இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சற்காரியவாதிகளாகிய நம்மனோர் கொள்கை. இதனை நிறுவுதற்குப் பாலும் தயிரும், மண்ணும் குடமும் எடுத்துக்காட்டுதல் வழக்கு. அவற்றுள் காரணமும் காரியமும் ஒருங்கே கட்புலனாதலின் மாணாக்கர்க்கு ஐயம் எழுவதில்லை. பொருள் கண்ணுக்கு மறைந்து போமிடத்து என் சொல்லுதும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சிறார் விளையாடும் பலூனைக் காண்க. ஊதுமுன் அது சுருங்கிய ரப்பர்த் துண்டு. ஊதியபின் திரண்ட உருண்டை. உட்புகுந்த வாயு காணப்படாமையின் இல்லையெனலாமோ எனின், ஆகாது. அழுத்துங் கை அதன் தடையை உணர்கின்றது. அதற்கு நிறையும் உண்டு. ஒரு லிட்டர்க் காற்று ஏறத்தாழ 1.2 கிராம் உடைத்து. உதைபந்தினுட் காற்றைச் செறிய அடைத்து நுண்ணிய தராசிலிடின் நிறை மிகுதல் வெளிப்படை. வாய்கட்டிய பலூன் வெயிலிற் பருக்கின்றது, பனிநீரிற் சுருங்குகின்றது. இடையே ஒன்றும் புகுந்ததுமில்லை, போந்ததுமில்லை. ஆகலின் அப்பெருமை சிறுமைகள் அவத்தை வேறுபாடேயன்றிப் பொருளின் ஆக்கக் கேடுகள் அல்ல. பலூன் வெடித்தவழியும் உள்ளிருந்த காற்று பெருவெளிக் காற்றொடு கலந்தது, அவ்வளவே. கொல்லன் துருத்தியை அறிந்த நம் முன்னோர்க்கு இது புதுமையன்று.

பௌதிக நூலார் கூறும் திண்மை, நீர்மை, வளிமை என்னும் நிலைகளே பிருதிவி, அப்பு, வாயு என்னும் பூதங்கள் என்று சிலர் எழுதுவர். அது பொருந்தாது. பூதங்கள் தன்மாத்திரைகளினின்று தோன்றிக் குணத்தான் வேறுபடுவன; பனிக்கட்டியும் நீரும் ஆவியுமோ அந்நூலார்க்கு ஒரே பொருள். இருநூல்களையும் வலிந்து மணஞ்செய்வித்தல் இரண்டற்கும் இழுக்கு.

இனி, வேலூர் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடுந் தொழிலை நோக்குவாம். உரித்த தோல் அழுகும் இயல்பிற்று. அதனை உப்பிட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் களைந்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊட்டுதல் பழைய முறை. குரோமிய உப்பு பின்வந்தது. பதமான தோல் அழுகுதலின்றிச் செருப்பாகின்றது. இம்மாற்றத்தை யாவரும் காண்கின்றனர். ஊறவைத்த நீர் யாண்டுச் சென்றதென்று நோக்குவார் சிலரே. வாய்க்காலிற் பாய்ந்து மறைந்ததனை அழிந்ததாகக் கொண்டனர். அதுவோ பாலாற்று மணலிலும் கிணற்று நீரிலும் உவர்ப்பாய் வெளிப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், மாசு செய்தோரே அக்கேட்டிற்குரிய பொருளை இறுத்தல் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது.

குரோமியத்தின் செய்தி இன்னும் நுட்பமானது. பதனிடற்குதவும் மூவிணை நிலையில் அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆறிணை நிலையில் அதுவே புற்றுநோய்க்கு ஏதுவாம். பொருள் ஒன்று, நிலை இரண்டு. இராணிப்பேட்டையில், மூடப்பட்ட தொழிற்சாலையொன்றன் கழிவுக் குவியலிற் கிடப்பது பின்னதே. இக்காலத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரினின்று நன்னீரைப் பிரித்து மீட்கின்றன. எஞ்சிய உப்போ கொள்வாரின்றிக் குவிகின்றது. இதனைக் குறையென்று பழிப்பார் உளர். கரைந்து ஒளித்திருந்தது தன்னுருவிற் காணப்படுதல், ஆற்றில் மறைதலினும் நன்றென்பது எம் கருத்து.

அற்றேல், உலகம் நிலையாதது. அதன் கழிவு குறித்துச் சித்தாந்திகள் கவலுவதென்னை எனின், நிலையாமை இன்மையன்று. மாயை உள்பொருள், அதன் காரியம் உயிர்கட்குத் தனு கரண புவன போகங்களாய் உதவுவது. புவனத்தைக் கெடுத்தல் அதன்கண் வாழும் உயிர்கட்குச் செய்யுந் தீங்கேயாம்.

உவர்நீர் உண்போர் தம் பிராரத்தத்தையே நுகர்கின்றனர், நீர் கெடுத்தார்க்குக் குற்றமென்னை என்று வினவுவாரும் உளர். இது கேட்டற்கு இனிதாய் வழக்கில் நில்லாத வாதம். நுகர்வோர்க்குப் பிராரத்தமாய் வந்த அச்செயலே செய்தோர்க்கு ஆகாமியமாய் ஏறுகின்றது. ஒன்று மற்றொன்றை நீக்காது. அங்ஙனமன்றெனின் கொலையும் களவும் குற்றமல்லவாய் முடியும்.

அவ்வாகாமியத்துள், கூலிக்குத் தோல் ஊறவைக்கும் தொழிலாளர்க்கும், செருப்பை விலைகொடுத்து வாங்கி அணியும் நமக்கும் எத்துணைப் பங்கென்பது வேறு வினா. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் பாகுபாட்டொடு அதனை மற்றோர் இதழில் ஆராய்வாம்.